டிராக்பால் தேர்வு செய்தல்

டிராக்பால் என்பது கணினித் திரையில் உள்ள கர்சரை நகர்த்தப் பயன்படும் ஓர் உள்ளீட்டுக் கருவியாகும். தமிழில் இதனை உருள்பந்துச் சுட்டி எனலாம். சாதாரண மவுஸை மேசையின் மீது நகர்த்த வேண்டும். டிராக்பாலில் கருவி ஓரிடத்திலேயே இருக்கும். அதன் மேல் பதிக்கப்பட்ட பந்தை மட்டும் விரலால் உருட்ட வேண்டும். பந்து உருளும் திசையிலும் வேகத்திலும் கர்சர் நகரும்.

பெயர் புதிதாகத் தோன்றினாலும் பலரும் இக்கருவியைப் பார்த்திருப்பார்கள். மருத்துவமனைகளின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறையில், மருத்துவர் ஒரு கையால் ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துக்கொண்டு, மறு கையால் பலகையில் உள்ள ஒரு பந்தை உருட்டி அளவு எடுப்பார். அந்தப் பந்து டிராக்பால்தான். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைகளிலும் இது நெடுங்காலமாகப் பயன்படுகிறது.

வீட்டுக் கணினிக்கு டிராக்பால் வாங்குவோர் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காக வாங்குகின்றனர். ஒன்று, மேசையில் இடமின்மை. மற்றொன்று, மணிக்கட்டு வலி. இரண்டாவது காரணத்திற்காக வாங்குபவர் வகை அறியாமல் வாங்கினால், மணிக்கட்டில் இருந்த வலி கட்டைவிரலுக்கு இடம் மாறக்கூடும். கருங்கல், மார்த்தாண்டம் போன்ற ஊர்களில் இருப்பவர் இதனைக் கடையில் தொட்டுப் பார்த்து வாங்க வாய்ப்புக் குறைவு. இணையவழியில் படம் பார்த்தே வாங்க நேர்கிறது. ஆகவே எந்த விரல் பந்தை உருட்டப்போகிறது, பந்து எவ்வளவு பெரியது, அதனைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா என்ற மூன்றையும் முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம். விலை, நிறம், பொத்தான்களின் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பின்னரே.

வரலாறு

டிராக்பால் மவுஸைவிடப் பழமையானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946-இல் பிரிட்டிஷ் கடற்படையின் ராடார் காட்சி அமைப்புக்காக ரால்ஃப் பெஞ்சமின் என்ற பொறியாளர் உருள்பந்துக் கருவி ஒன்றை வடிவமைத்தார். அது இராணுவ இரகசியமாக வைக்கப்பட்டதால் வெளியுலகம் அறியவில்லை. 1952-இல் கனடா கடற்படையின் டேட்டார் என்ற திட்டத்திற்காக டாம் கிரான்ஸ்டன், ஃப்ரெட் லாங்ஸ்டாஃப், கென்யன் டெய்லர் ஆகியோர் மற்றொரு டிராக்பாலை உருவாக்கினர். அதில் பொருத்தப்பட்டது கனடாவில் விளையாடப்படும் ஐந்து முளைப் பந்துவீச்சு விளையாட்டின் பந்து. அதன் விட்டம் ஏறத்தாழ 5 அங்குலம்.

ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனம் 1960-களில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக மேசையில் பதிக்கும் உருள்பந்தைத் தயாரித்தது. பின்னர் அந்நிறுவனப் பொறியாளர்கள் அதே அமைப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, கையில் பிடித்து நகர்த்தும் கருவியாக்கினர். 1968 அக்டோபரில் அது அறிமுகமாயிற்று. அமெரிக்காவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் தமது மவுஸைப் பொதுமக்கள் முன் செய்து காட்டியது அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று. பிற்காலத்தில் பரவலான பந்து மவுஸைக் கவிழ்த்த டிராக்பால் என்று சொன்னால் தவறில்லை.

1980-இல் வெளிவந்த மிஸ்ஸைல் கமாண்ட் போன்ற விளையாட்டுப் பொறிகள் டிராக்பாலைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றன. 1989-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டோஷ் போர்ட்டபிள், 1991-இல் பவர்புக் ஆகிய கணினிகளில் டிராக்பால் உள்ளமைந்தே வந்தது. 1994-இல் அதே பவர்புக் வரிசையில் தொடுபலகை (டச்பேட்) அதன் இடத்தைப் பிடித்தது. அதன்பின் மடிக்கணினிகளில் தொடுபலகையே வழக்கமாயிற்று. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம் முதன்முதலாகக் கணினி பெற்ற மாணவர்கள் பழகியதும் தொடுபலகையில்தான். தொடுபலகையில் நெடுநேரம் வேலை செய்வது கடினம் என்று உணரும்போதுதான் மவுஸா, டிராக்பாலா என்ற கேள்வி எழுகிறது.

இயங்கும் முறை

பழைய டிராக்பால்களில் பந்து உருளும்போது, ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரண்டு சிறு உருளைகள் சுழலும். ஒன்று இட-வல அசைவையும் மற்றது மேல்-கீழ் அசைவையும் அளக்கும். உருளைகளின் முனையில் துளையிட்ட சக்கரங்கள் இருக்கும். துளைகள் வழியே ஒளி விட்டு விட்டுப் பாய்வதை எண்ணி, பந்து எவ்வளவு உருண்டது எனக் கருவி கணக்கிடும்.

தற்போதைய டிராக்பால்களில் ஒளி உணரி (சென்சார்) உள்ளது. பந்தின் பரப்பிலுள்ள புள்ளிகளை அல்லது நுண்ணிய மினுமினுப்பை அது நொடிக்குப் பலமுறை படமெடுத்து, முந்தைய படத்துடன் ஒப்பிட்டு அசைவை அறிகிறது. பந்து பெரும்பாலும் மூன்று சிறிய தாங்குமணிகளின் மேல் அமர்ந்திருக்கும். மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிப்பதால், முக்காலி போல, பந்து ஆடாமல் நிற்கிறது. இத்தாங்குமணிகள் எஃகு, பீங்கான், செயற்கை மாணிக்கம் ஆகியவற்றில் ஒன்றால் ஆனவை.

மவுஸுடன் ஒப்பீடு

நன்மைகள்:

- கருவி நகராததால் மிகக் குறைந்த இடம் போதும். கட்டில் மீதோ மடியில் வைத்த பலகையிலோ பயன்படுத்தலாம்.
- மேசைப் பரப்பு எப்படி இருந்தாலும் கவலையில்லை.
- முன்கையும் தோளும் அசைய வேண்டியதில்லை.
- கர்சரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தால் அது அங்கேயே நிற்கும். கிளிக் செய்யும்போது கருவி நழுவாது.

குறைகள்:

- பழகுவதற்கு நாளாகும்.
- பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கர்சரை இழுத்துச் செல்வது கடினம். ஒரே கை அழுத்தவும் வேண்டும், பந்தை உருட்டவும் வேண்டும். மவுஸ், எழுத்துப் பலகை, டிராக்பால் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 1991-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இழுத்துச் செல்லும் வேலையில் டிராக்பாலே பின்தங்கியது.
- தூசு சேரும். அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.
- நல்ல டிராக்பாலின் விலை சாதாரண மவுஸின் விலையைப் போலப் பல மடங்கு.

பக்கவடிவமைப்பு, படவரைவு போன்ற பணிகளில் இழுத்துச் செல்லும் வேலை அதிகம். அவ்வேலை செய்வோர் இந்தக் குறையை எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். விண்டோஸில் கிளிக்லாக் என்ற வசதி உண்டு. அதனை இயக்கினால், பொத்தானைச் சற்று நேரம் அழுத்தி விட்டாலே அழுத்திப் பிடித்ததாகக் கணினி எடுத்துக்கொள்ளும். மீண்டும் அழுத்தும்போது விடுபடும். தமிழ் உரையைத் தேர்வு செய்ய ஷிஃப்ட் விசையுடன் அம்புக்குறி விசைகளைப் பயன்படுத்தினால் இழுக்கவே வேண்டியதில்லை.

வகைகள்

பந்தை உருட்டும் விரலைக் கொண்டு டிராக்பால்கள் இரண்டு பெரும் வகைகளாகப் பிரிகின்றன.

1. கட்டைவிரல் வகை: வடிவம் மவுஸைப் போன்றது. பந்து பக்கவாட்டில் இருக்கும். கட்டைவிரல் அதனை உருட்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மவுஸில் செய்வது போலவே பொத்தான்களை அழுத்தும். லாஜிடெக் நிறுவனத்தின் எர்கோ எம்575, எம்எக்ஸ் எர்கோ ஆகியவை இவ்வகையின. மவுஸிலிருந்து மாறுவோர் இதனை விரைவில் பழகிக்கொள்கின்றனர். இவற்றில் பெரும்பாலானவை வலக்கைக்கு மட்டுமே பொருந்தும். இடக்கைக்கு எலிகாம் போன்ற மிகச் சில நிறுவனங்களே தயாரிக்கின்றன.

2. விரல் வகை: பந்து நடுவில் இருக்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல், சில நேரம் மோதிர விரலும் சேர்ந்து உருட்டும். கட்டைவிரல் பொத்தானை அழுத்தும். கென்சிங்டன் நிறுவனத்தின் எக்ஸ்பர்ட் மவுஸ், ஸ்லிம்பிளேடு, ஆர்பிட் ஆகியவை இவ்வகையின. (எக்ஸ்பர்ட் மவுஸ் என்று பெயரிருந்தாலும் அது டிராக்பால்தான்.) இவை இரு பக்கமும் ஒத்த வடிவம் கொண்டவை, இடக்கைப் பழக்கம் உள்ளவரும் பயன்படுத்தலாம். பழகுவதற்குக் கூடுதல் நாள் எடுக்கும்.

இவை தவிர, 3 அங்குல விட்டமுள்ள பெரிய பந்துடன் கூடிய கருவிகளும் உள்ளன. பிக்டிராக் என்பது அவற்றுள் ஒன்று. சிறு குழந்தைகளுக்கும், விரல்களைத் தனித்தனியே அசைக்க இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கும் இவை உதவுகின்றன. உள்ளங்கையாலோ முழங்கையாலோ காலாலோ கூட இப்பந்தை உருட்ட முடியும்.

பந்தின் அளவு

கட்டைவிரல் வகைகளில் பந்தின் விட்டம் வழக்கமாக 34 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கென்சிங்டன் ஆர்பிட்டில் 40 மி.மீ., எக்ஸ்பர்ட் மவுஸிலும் ஸ்லிம்பிளேடிலும் 55 மி.மீ. படத்தில் இந்த வேறுபாடு தெரியாது. கையில் உணர வீட்டிலுள்ள பொருள்களே போதும். 34 மி.மீ. என்பது ஒரு பெரிய நெல்லிக்காய். 40 மி.மீ. என்பது மேசைப் பந்தாட்டப் பந்தின் சரியான அளவு. 55 மி.மீ. பந்து அதனினும் பெரியது. டென்னிஸ் பந்தைவிடச் சிறியது.

விட்டத்தில் தெரியும் வேறுபாட்டைவிட எடையில் தெரியும் வேறுபாடு பெரிது. ஒரே பொருளால் செய்த பந்துகளின் எடை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 55-ஐ 34-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.62. இதன் மும்மடி 4.2. ஆகவே 55 மி.மீ. பந்து 34 மி.மீ. பந்தைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் எடை கொண்டது. கனமான பந்தைச் சுண்டிவிட்டால் சற்று நேரம் தானே உருண்டுகொண்டிருக்கும். நீண்ட திரையைக் கடக்க இது உதவும். பல விரல்களை வைக்க இடம் இருப்பதால் நுண்ணிய அசைவும் எளிது. சிறிய பந்து விரைவில் நிற்கும். கருவியும் சிறியதாக இருக்கும்.

வேக அளவு

விளம்பரங்களில் டிபிஐ என்று ஓர் எண் குறிப்பிடப்படும். பந்தின் பரப்பு ஓர் அங்குலம் நகர்ந்தால் கருவி எத்தனை எண்ணிக்கையைக் கணினிக்கு அனுப்புகிறது என்பதே அதன் பொருள். அகலவாக்கில் 1920 புள்ளிகள் உள்ள திரையை எடுத்துக்கொண்டு, ஓர் எண்ணிக்கைக்குக் கர்சர் ஒரு புள்ளி நகர்வதாகக் கொண்டால் கணக்கு இவ்வாறு அமையும்:

- 400 டிபிஐ: 1920 ÷ 400 = 4.8 அங்குலம் உருட்ட வேண்டும்.
- 800 டிபிஐ: 2.4 அங்குலம்.
- 1600 டிபிஐ: 1.2 அங்குலம், அதாவது சுமார் 3 செ.மீ.

34 மி.மீ. பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 107 மி.மீ., அதாவது 4.2 அங்குலம். 400 டிபிஐயில் திரையைக் கடக்கப் பந்தை ஒரு முழுச் சுற்றுக்கு மேல் உருட்ட வேண்டியிருக்கும். கட்டைவிரல் பலமுறை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். 1600-இல் ஏறத்தாழ ஒரே வீச்சில் கடந்துவிடலாம். ஆனால் வேகம் கூடக் கூட, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே கர்சரை நிறுத்துவது கடினமாகும். தொடக்கத்தில் 800 அளவில் வைத்துப் பழகி, பின்னர் கூட்டிக்கொள்வது நல்லது. ஆகவே வேகத்தை மாற்றும் வசதி உள்ளதா என்பதே முக்கியம். மிக உயர்ந்த எண்ணைப் பார்த்து அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஸ்க்ரோல் வசதியும் பொத்தான்களும்

நீண்ட பக்கங்களைப் படிப்போருக்கு ஸ்க்ரோல் வசதி இன்றியமையாதது. இது நான்கு விதமாக அமைகிறது: மவுஸில் இருப்பது போன்ற சக்கரம், பந்தைச் சுற்றி அமைந்த வளையம், பந்தையே திருகுவது, ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பந்தை உருட்டுவது. எக்ஸ்பர்ட் மவுஸில் வளையம் உள்ளது. ஸ்லிம்பிளேடில் பந்தைத் திருக வேண்டும். ஸ்க்ரோல் வசதி எதுவுமே இல்லாத மலிவான மாதிரிகளும் விற்பனையில் உண்டு. வாங்கும் முன் இதனைக் கவனிக்க வேண்டும்.

இணைப்பும் இயங்குதளமும்

யுஎஸ்பி கம்பியில் இணைப்பது எளிது; மின்கலம் தேவையில்லை. கருவி நகராததால் கம்பி இடையூறாகவும் இருக்காது. வயர்லெஸ் வகையில் சில ஏஏ மின்கலத்திலும் சில மின்னேற்றம் செய்யும் மின்கலத்திலும் இயங்குகின்றன. சிறிய யுஎஸ்பி ஏற்பி தொலைந்தால் பயன்படுமா, புளூடூத் வசதியும் உண்டா என்று பார்ப்பது நல்லது.

எல்லா டிராக்பால்களும் அடிப்படை அளவில் மவுஸைப் போலவே எந்தக் கணினியிலும் இயங்கும். கூடுதல் பொத்தான்களுக்கு வேலை ஒதுக்க நிறுவனத்தின் மென்பொருள் தேவைப்படும். லாஜிடெக், கென்சிங்டன் மென்பொருள்கள் விண்டோஸ், மேக் ஆகியவற்றுக்கே உள்ளன. உபுண்டு, சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களைப் பயன்படுத்துவோர், வேகத்தை மாற்றும் பொத்தான் கருவியிலேயே உள்ள மாதிரியைத் தேர்வு செய்வது நல்லது. பொத்தானை அழுத்தி ஸ்க்ரோல் செய்யும் வசதியை லினக்ஸ் தானாகவே தருகிறது. கனடாவின் பிளூப்பி என்ற நிறுவனம் வடிவமைப்பையே திறந்த உரிமத்தில் வெளியிட்டுள்ளது. முப்பரிமாண அச்சு வசதி உள்ள பொறியியல் மாணவர்கள் அதனைத் தாமே செய்து பார்க்கலாம்.

கை வலியும் டிராக்பாலும்

டிராக்பால் கை வலிக்கு மருந்து அன்று. அது உழைப்பை ஒரு தசைத் தொகுதியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுகிறது.

மவுஸைப் பிடிக்கும்போது மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக வளைகிறது. டிராக்பாலில் இந்தப் பக்க வளைவு குறைகிறது. ஆனால் கருவி உயரமாக இருந்தால், மணிக்கட்டு மேல்நோக்கி வளைவது அதிகமாகிறது. இதனாலேயே சில மாதிரிகளில் மணிக்கட்டுத் தாங்கி இணைக்கப்பட்டுள்ளது. தாங்கி இல்லாவிட்டால் மடித்த துண்டு ஒன்றை வைத்து உயரத்தைச் சரிசெய்யலாம்.

கட்டைவிரல் வகையில் வேலை முழுவதும் ஒரே விரலில் விழுகிறது. கைப்பேசியில் தட்டச்சு செய்வதும் திரையைத் தள்ளுவதும் பெரும்பாலும் கட்டைவிரல்தான். நாள் முழுவதும் கணினியில் டிராக்பாலையும், இரவில் கைப்பேசியையும் அதே விரல் இயக்கினால் அதற்கு ஓய்வே இராது. கட்டைவிரலை இயக்கும் தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஓர் உறைக்குள் செல்கின்றன. அங்கு ஏற்படும் வலியும் வீக்கமும், 1895-இல் அதனை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயரால் டி குவெர்வேன் நோய் எனப்படுகிறது. இவ்விடத்தில் ஏற்கனவே வலி உள்ளவர்கள் கட்டைவிரல் வகையைத் தவிர்க்க வேண்டும்.

எளிய வழிகாட்டுதல் பின்வருமாறு:

- மணிக்கட்டிலோ தோளிலோ சோர்வு. கட்டைவிரல் நலமாக உள்ளது: இரு வகையும் பொருந்தலாம்.
- கட்டைவிரல் பக்கம் வலி: விரல் வகை. பொத்தானையும் கட்டைவிரலால் அழுத்தாதபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.
- ஆள்காட்டி விரலிலோ நடுவிரலிலோ வலி: விரல் வகை பொருந்தாது.
- இடக்கைப் பழக்கம், அல்லது இரு கைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த விருப்பம்: இரு பக்கமும் ஒத்த வடிவம்.
- இரவில் விரல் மரத்துப்போதல், பிடி தளர்தல்: கருவி வாங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

செலவில்லாத மாற்றங்களை முதலில் செய்து பார்ப்பது அறிவுடைமை. முழங்கை மேசை மட்டத்தில் இருக்குமாறு நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்தல், மவுஸை விசைப்பலகைக்கு அருகில் வைத்தல், அரைமணிக்கு ஒருமுறை கையை எடுத்து ஓய்வு கொடுத்தல் ஆகியவற்றாலேயே பலருக்கு வலி குறையும். அப்படிக் குறைந்தால் டிராக்பால் வாங்கும் செலவே மிச்சம்.

பராமரிப்பு

விரலின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் பந்தில் ஒட்டி, தூசுடன் சேர்ந்து தாங்குமணிகளில் படியும். அப்போது பந்து தடுக்கித் தடுக்கி உருளும். கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணிச் சிலர் தூக்கி எறிந்துவிடுவதும் உண்டு. இரு பருவமழைகளும் கடற்காற்றும் உள்ள கன்னியாகுமரி மாவட்டம் போன்ற ஈரப்பதம் மிக்க பகுதிகளில் இப்படிவு விரைவில் சேரும். தலையில் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு பந்தைத் தொட்டால் இன்னும் விரைவாகச் சேரும்.

சுத்தம் செய்யும் முறை எளிது:

1. கருவியை அணைக்கவோ கம்பியைக் கழற்றவோ வேண்டும்.
2. பந்தை வெளியே எடுக்க வேண்டும். சில மாதிரிகளில் கையாலேயே எடுக்கலாம். சிலவற்றில் அடிப்பக்கத் துளை வழியே பென்சிலின் மழுங்கிய முனையால் தள்ள வேண்டும்.
3. பந்தை மென்மையான உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.
4. குழியிலுள்ள மூன்று தாங்குமணிகளின் மேல் வளையமாகப் படிந்த அழுக்கைக் காதுகுடையும் பஞ்சுக் குச்சியால் எடுக்க வேண்டும். கத்தி, ஊசி கூடாது.
5. உணரியின் கண்ணாடியில் உள்ள தூசை ஊதிவிட வேண்டும்.

வாரம் ஒருமுறை இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும். பந்தைக் கழற்ற வழியில்லாத மாதிரியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், கழற்றிய பந்து அவர்கள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழகுதல்

முதல் சில நாள்கள் கர்சர் குறியைத் தாண்டி ஓடும். அவசர வேலை உள்ள வாரத்தில் மாறாமல், ஓய்வான நாள்களில் தொடங்குவது நல்லது. மவுஸையும் இணைத்தே வைத்துக்கொள்ளலாம். ஒரே கணினியில் இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கும். முதலில் படிப்பதற்கும் ஸ்க்ரோல் செய்வதற்கும் டிராக்பாலைப் பயன்படுத்தி, பிறகு கிளிக் செய்யும் வேலை, கடைசியாக இழுத்துச் செல்லும் வேலை என்று படிப்படியாகச் செல்லலாம். இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின்னும் கை ஏற்கவில்லை என்றால், அல்லது புதிய இடத்தில் வலி தோன்றினால், அந்த வகை அந்தக் கைக்குப் பொருந்தவில்லை என்றே கொள்ள வேண்டும். ஆகவே திருப்பித் தரும் காலவரம்பையும், உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதையும் வாங்கும் முன்பே படித்துப் பார்ப்பது அவசியம். அக்கம்பக்கத்தில் டிராக்பால் வைத்திருப்பவர் யாரேனும் இருந்தால் ஒரு மாலைப்பொழுது இரவல் வாங்கிப் பார்ப்பதே எல்லாவற்றிலும் சிறந்த சோதனையாகும்.